முக்கோணப் பொட்டலம்

அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க டீச்சர், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் போடட்டுமா? சத்தம்தான் வரும், காத்து வராது. சரி, வேண்டாம்.

நாப்பத்திரண்டு பாட்டில் முடிஞ்சுது, இன்னும் ஆறுதான். இந்த ஸ்டாக் ரிஜிஸ்டர்ல நீங்க ‘சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்’னு கையெழுத்துப் போட்டாத்தான் நாளைக்கு ரிட்டயர் ஆகுற எனக்கு ரிலீவிங் ஆர்டர். நீங்க ஒவ்வொரு மூடியாத் திறந்து திறந்து பாக்கீங்க. நல்ல பழக்கந்தான், புதுசுல்லா. லேபிளைப் பாத்து டிக் அடிச்சாப் போதும். நான் இருபத்தொம்பது வருஷமா அப்படித்தான் அடிச்சேன். ஒரு குறை வந்ததில்ல.

அதை மட்டும் கீழ வைங்க. ஆமா, அம்மோனியம் குளோரைடு. அதைக் கடைசியில பாப்போம்.

ஹெச்.எம். ரூம்ல சுவத்துல ஒரு போர்டு தொங்குதுல்லா, பாத்தீங்களா? பிளஸ் டூ வேதியியல், வருஷம் போட்டு, பக்கத்துல தேர்ச்சி விழுக்காடு. எல்லாம் நூறு, நூறு, நூறுன்னு வரும். நடுவுல ஒரு தொண்ணூத்தெட்டு இருக்கும். அங்க வாரவங்க எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. இத்தனை நூறு யாரு கண்ணுலயும் படாது. ‘டெய்சி மிஸ், அந்த வருஷம் என்னாச்சு’ன்னு எங்கிட்டயே கேப்பாங்க. அந்தத் தொண்ணூத்தெட்டைப் போட்டது நான் இல்ல டீச்சர். மாரிக்கனின்னு ஒருத்தி போட்டா.

முத்தையாபுரம் தாண்டி உப்பளம் இருக்குல்லா, அங்க வேலை பாக்குறவ மக. அப்பன் இல்ல. லீவு நாள்ல இவளும் ஆத்தாகூட உப்பு வாரப் போவா. திங்கக்கிழமை வந்து நின்னாள்னா பாதமெல்லாம் பாளம் பாளமா வெடிச்சிருக்கும். செருப்பைக் கழட்டிட்டுத்தான லேபுக்குள்ள வரணும்? அவ நின்ன இடத்துல தரை பிசுபிசுன்னு ஆயிரும். கொஞ்சம் தள்ளி நில்லுட்டின்னு சொல்லுவேன். மத்த பிள்ளைங்க சிரிக்கும். நானும் சிரிச்சுருக்கேன், இல்லங்கல. வகுப்புன்னா நாலு சிரிப்பு வேணும்லா.

படிப்பாளா? படிப்பா. அதுதான் கேடு.

பதினொண்ணாம் வகுப்புல நான் அமிலம், காரம் நடத்துதேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் அது. அமிலம் அரிக்கும், காரம் வழுவழுன்னு கையைப் பொத்துப் போட்டுரும். ரெண்டும் தனித்தனியா இருந்தா ஆபத்து. சரியான அளவுல ரெண்டையும் சேத்துட்டோம்னா ஒண்ணோட குணத்தை ஒண்ணு தின்னுரும். மிஞ்சுறது உப்பும் தண்ணியும். லிட்மஸைப் போட்டா நிறம் மாறாம அப்படியே கிடக்கும். பிள்ளைங்களும் அப்படித்தான் டீச்சர். வரும்போது ஒவ்வொண்ணும் ஒரு குணத்தோட வரும். வெளிய போகும்போது நிறம் மாறாமப் போகணும். அதுக்குத்தான் நாம இருக்கோம்.

இதைச் சொல்லி முடிக்கேன், இவ எந்திரிச்சு நிக்கா. “மிஸ், எங்க உப்பு அமிலமும் காரமும் சேந்து வரலியே. கடல் தண்ணியைப் பாத்தியில கட்டி வெயில்ல காயப் போட்டாலே வந்துருதே”ங்கா.

வகுப்பே திரும்பிப் பாக்குது. கேள்வி தப்பில்ல. ஆனா கேட்ட மாதிரி இருக்குல்லா, அது தப்பு. “அப்ப நீ வந்து நடத்துட்டி”ன்னு சாக்பீஸை அவ கையில கொடுத்துட்டு நான் போயி அவ இடத்துல உக்காந்துட்டேன். பெல் அடிக்குற வரைக்கும் போர்டு பக்கத்துல அப்படியே நின்னா. அன்னையில இருந்து அவளுக்கு ‘உப்பளம்’னு பேரு. நான் வைக்கல. பிள்ளைங்க வச்சது. நான் சும்மா ஒரு நாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அப்படிக் கூப்பிட்டேன், இதுக பிடிச்சுக்கிட்டு.

சரி, பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு வாரேன். கொடுக்குற உப்பு என்னன்னு பிள்ளைங்களுக்கு ரகசியமாக் காட்டிக் கொடுக்க உங்க பழைய ஸ்கூல்ல என்ன முறை வச்சிருந்தீங்க? சும்மா சொல்லுங்க, யாருகிட்ட சொல்லப் போறேன். இருமலா? சில இடத்துல அட்டெண்டர் இருமுவாரு, ஒரு இருமலுக்கு ஒரு உப்பு. இங்க அதெல்லாம் அசிங்கம்னு நான் பொட்டலத்துல வச்சிருந்தேன். நீளமா மடிச்சா லெட் நைட்ரேட். திருநீறு மடிக்கிற மாதிரி சதுரமா மடிச்சா ஜிங்க் சல்பேட். முக்கோணம்னா அம்மோனியம் குளோரைடு. வெளியில இருந்து வர்ற தேர்வாளருக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சாலும், மத்தியானம் சீலா மீன் குழம்பு வச்சுக் கொடுத்தோம்னா தெரியாது. சிரிக்கீங்க பாத்தீங்களா, எல்லா ஊர்லயும் இதுதான்.

அந்த பேட்ச்ல பதினோரு பேருக்கு முக்கோணம். மாரிக்கனிக்கும் முக்கோணம். அவளுக்குன்னு நான் தனியா ஒண்ணும் செய்யல. எனக்கு அந்த வஞ்சம் கிடையாது.

பத்துப் பேரு மளமளன்னு எழுதுதாளுக. உப்போட சோடியம் ஹைட்ராக்சைடு சேத்து சூடுபடுத்தினேன், காரநெடியுடைய வாயு வந்தது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த கண்ணாடித் தண்டைக் காட்டினேன், அடர் வெண்புகை வந்தது, ஆகவே அம்மோனியம் உறுதி. அழகா கோடு போட்டு எழுதுதாளுக. இவ மட்டும் டெஸ்ட் டியூபை லாம்புல காட்டிக்கிட்டு நிக்கா. காட்டுதா, மோந்து பாக்கா, கழுவுதா. திரும்பவும் போடுதா. எங்கிட்ட வந்து, “மிஸ், குளோரைடு சரியா வருது. அம்மோனியா வரல”ங்கா.

நான் பைய, “பொட்டலம் எப்படிட்டி மடிச்சிருந்துச்சு?”ன்னேன்.

“முக்கோணமா.”

“அப்ப வரும். போ.”

போனா. மூணாவது தடவை செய்தா. அப்புறம் நான் சொல்லியே கொடுக்காததைச் செய்தா டீச்சர், உப்பை நேராத் தீயில காட்டிப் பாத்துருக்கா. மஞ்சளா எரிஞ்சிருக்கு, சோடியம்னா அப்படித்தான எரியும். பேப்பர்ல எழுதிட்டா: காரநெடி இல்லை, வெண்புகை இல்லை, அம்மோனியம் இல்லை, கொடுக்கப்பட்ட உப்பு சோடியம் குளோரைடு. அதுக்குக் கீழ ‘சமையல் உப்பு’ன்னு வேற.

தேர்வாளர் பால்துரைன்னு ஒரு சார், விளாத்திகுளம் பக்கம். தங்கமான மனுஷன். படிச்சுட்டுச் சிரிச்சாரு. “என்னம்மா இது, சிலபஸ்லேயே இல்லாத உப்பு?” அவராவது சிரிச்சுட்டு விட்டாரு. இவ விட்டாளா? டெஸ்ட் டியூபை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டுதா. “நீங்களே மோந்து பாருங்க சார்.”

அவரு மோந்து பாத்தாரு. சிரிப்பு நின்னுட்டு. என்னைப் பாத்தாரு. நான் நம்ம அட்டெண்டர் தவசிமுத்து அண்ணனைப் பாத்தேன். அவரு தரையைப் பாக்காரு. எனக்குப் புரிஞ்சுபோச்சு.

என்ன நடந்திருக்குன்னா, ஐப்பசி மழையில ஸ்டோர் ரூம் ஒழுகி, இருந்த அம்மோனியம் குளோரைடு எல்லாம் தண்ணியா விட்டுருக்கு. மனுஷன் எங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு வெறும் பாட்டிலை அப்படியே வச்சிருக்காரு. தேர்வன்னைக்குக் காலையில, சாருக்குச் சாப்பாட்டுக்கு வாங்கி வச்ச பொடி உப்புப் பாக்கெட்டைப் பிரிச்சு அதுல கொட்டிட்டாரு. அப்புறம் எங்கிட்டச் சொன்னாரு, “ரெண்டும் வெள்ளைதான மிஸ்”னு. ரிஜிஸ்டர்ல ‘இருப்பு சரி’ன்னு ஜனவரியில கையெழுத்துப் போட்டது நான். லேபிளைப் பாத்துத்தான் போட்டேன்.

இப்ப நீங்களே சொல்லுங்க. அவ சொன்னது சரின்னு ஆச்சுன்னா பத்துப் பேரு எழுதின வாசனை எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பாங்களா இல்லையா? அவ்வளவு பேரு மார்க்கும் போகும், என் கையெழுத்துப் போகும், சாரோட கையெழுத்தும் போகும். ஒருத்திக்காக இத்தனை பேரா?

நான் அந்த டியூபை வாங்கினேன். மூக்குக்கிட்ட வச்சு நல்லா இழுத்தேன். “நல்லா வருதே சார். இவளுக்குச் சளி பிடிச்சிருக்கும், உப்புக்காத்துலயே கிடக்கிறவ”ன்னேன். சாரு மார்க் போடப் பேனாவை எடுக்கல. அதான் மத்த பத்துப் பேரையும் வரிசையா நிக்கச் சொன்னேன். முதல்ல ஜெனிதா. மாரிக்கனிகூட ஒரே பெஞ்சு, ஒரே டப்பால சாப்பிடுறவ. அவகிட்ட நீட்டினேன். “வருதாட்டி?”

அவ மாரிக்கனியைப் பாத்தா. என்னைப் பாத்தா. “வருது மிஸ்.”

அடுத்தவ, “வருது மிஸ்.” அடுத்தவ, “லேசா வருது மிஸ்.” “லேசாவா?”ன்னேன். “இல்ல மிஸ், நல்லா வருது.” ஒருத்தி மூக்கைப் பொத்திக்கிட்டு, “கண்ணு எரியுது மிஸ்”னா பாருங்க. அவ இப்ப டாக்டருக்குப் படிக்கா. பிழைக்கத் தெரிஞ்ச பிள்ளை. பத்துப் பேரும் சொன்ன பெறவு சார்கிட்ட நீட்டினேன். அவரு மறுபடியும் மோந்து பாத்துட்டு, “ம், வருது”ன்னாரு.

கடைசியா இவகிட்ட. “இப்ப வருதா?”

தலையைக் குனிஞ்சுக்கிட்டே, “வரல மிஸ்”ங்கா.

என்ன நெஞ்சழுத்தம்! வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா அன்னைக்கே நான் பேப்பரைத் திருத்தி எழுத விட்டிருப்பேன். சாரு ஈர மனசு. மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டே, “மிஸ், அந்தப் பிள்ளைக்குப் பாஸ் மார்க்காவது போட்டுருவமா? பாவமா இருக்கு”ன்னாரு. நான்தான் கறாரா சொல்லிட்டேன். ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க்கு சார், நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்லா. அவ ரெகார்டு நோட்லயும் நாலு பக்கம் நான் கையெழுத்துப் போடாம வச்சிருந்தேன், அதுக்கும் மார்க்கைப் பிடிச்சாங்க. செய்முறையில பாஸுக்கு ரெண்டு மார்க்கு கம்மி. எழுத்துத் தேர்வுல வகுப்புலயே ரெண்டாவது அவ. ஆனா ரிசல்ட்ல ஃபெயில். என் தொண்ணூத்தெட்டு அப்படி வந்ததுதான். ஒருத்தி பிடிவாதத்துல என் சென்டம் போச்சு. அன்னைக்கு நான் சோறு தின்னல டீச்சர்.

ரிசல்ட் வந்த மறுநாள் ஆத்தாளையும் கூட்டிக்கிட்டு இங்க வந்து நிக்கா. ஆத்தா பேரு பேச்சியம்மா. முழங்கால் வரைக்கும் வெளுத்துப்போன காலு. நான் ரிஜிஸ்டர் எழுதிக்கிட்டு இருந்தேன், ஒரு பீரியடு நிக்க வச்சேன். அப்புறம் என்னன்னு கேட்டேன். “டீச்சர், பிள்ள நர்ஸு படிப்புக்கு மனு போடணும்னு ஆசையா இருந்துச்சு. இதுல ஃபெயிலுன்னா எடுக்கமாட்டாவளாமே. அந்தப் பொட்டலத்துல இருந்தது உப்புன்னுதான் பிள்ள சொல்லுது. உப்பை உப்புன்னுதான டீச்சர் எழுதிருக்கு?”ங்கா.

நான் இந்த பாட்டிலை எடுத்து மேசைமேல வச்சேன். “என்ன எழுதிருக்குன்னு வாசி”ன்னேன்.

“எனக்கு எழுத்துத் தெரியாது டீச்சர்”னு சொல்லிக்கிட்டே மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சுட்டா! நான் தடுக்கதுக்குள்ள! லேப்ல எதையாவது நாக்குல வைக்கலாமா? சுத்தக் காட்டுத்தனம். வச்சுட்டு நிதானமா சப்புக்கொட்டி, “உப்புதான டீச்சர் இது”ங்கா.

எனக்கு வந்த கோவத்துல, “ஐயோ விஷம்! விஷத்தை வாயில போட்டுட்டியே! போ, போயி வாயைக் கொப்பளி”ன்னு கத்தினேன். வெளிய கோடை ஸ்பெஷல் கிளாஸுக்கு வந்த ஒரு வகுப்பே எட்டிப் பாக்குது. அவ மூஞ்சி வெளிறிப் போச்சு. மாரிக்கனி ஆத்தா கையைப் பிடிச்சுக்கிட்டா. “எம்மா, கொப்பளிக்காத. அது உப்பு. உனக்குத் தெரியும்லா, உப்பும்மா”ங்கா. ஆத்தா மகளைப் பாக்கா. என்னைப் பாக்கா. நான் குழாயைக் காட்டினேன்.

போயிக் கொப்பளிச்சா டீச்சர்! அந்தா அந்த சிங்க்லதான். பதினெட்டு வருஷம் உப்பளத்துல கிடந்தவ. கையில காலுல கண்ணுல எல்லாம் உப்பு. நான் ஒரு வார்த்தை சொன்னதும் குனிஞ்சு கொப்பளிச்சா. “இன்னும் நல்லா”ன்னேன். இன்னும் கொப்பளிச்சா. ஏழெட்டுத் தடவை இருக்கும். சேலையெல்லாம் ஈரம். ஒரு டீச்சர் வார்த்தைக்கு இருக்கிற மரியாதையை அன்னைக்குத்தான் நான் கண்ணால பாத்தேன்.

அப்புறம் எனக்கே பாவமா இருந்துச்சு. நான் ஒண்ணும் கல்லு இல்ல. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசைல வச்சேன். “இங்க பாருட்டி, ஜூன்ல திரும்ப எழுதலாம். ‘அன்று வாயு வந்தது, நான்தான் கவனக்குறைவாகத் தவறாக எழுதிவிட்டேன்’னு ரெண்டு வரி எழுதிக் கொடு. நானே கூட நின்னு பாஸ் போட வைக்கேன்”னேன். வேற யாரு செய்வா இதை? ஆத்தா ஈர வாயைத் துடைச்சுக்கிட்டு, “எழுதிருட்டி, எழுதிக் குடுத்துட்டுப் போயிருவோம்”ங்கா. கெஞ்சுதா.

அவ பேனாவைக் கையில எடுத்துட்டா. எடுத்துட்டு அந்தத் தாளையே பாத்துக்கிட்டு நிக்கா. “வரலியேம்மா”ன்னு சொல்லிட்டுப் பேனாவை வச்சுட்டா.

தாவணியால ஆத்தா மூஞ்சியைத் துடைச்சுவிட்டுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. போயிட்டு வாரேன் மிஸ்னு ஒரு வார்த்தை? கிடையாது. ரெண்டு வருஷம் அவளுக்குப் பாடம் எடுத்திருக்கேன்.

ஜூன்லயும் எழுதல, அப்புறமும் எழுதல. போன மாசம் திருச்செந்தூர் பஸ்ல போகும்போது பாத்தேன். ரோட்டோரப் பாத்தியில நின்னு உப்பு வாருதா. உச்சி வெயிலு. தலையில துண்டு, கண்ணுக்குக் கண்ணாடிகூடப் போடல, அந்த வெள்ளையையே பாத்துக்கிட்டிருந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்? ஆத்தாளைக் காணும். பஸ்ஸு எதுக்கோ நின்னுச்சு. நான் பழசையெல்லாம் மறந்துட்டு ஜன்னல் வழியா கையைக் காட்டினேன் டீச்சர். நானா காட்டினேன்! பாத்தா. நல்லாப் பாத்தா. பாத்துட்டுக் குனிஞ்சு வார ஆரம்பிச்சுட்டா. அந்தத் திமிரு இன்னும் கரையல பாருங்க.

சரி, பேச்சுல நேரம் போயிட்டு. மிச்சத்தை முடிப்போம். அந்த பாட்டிலை எடுங்க.

ஆமா, அதே பாட்டில்தான். அதே சரக்குதான். நான் மாத்தல. வேணும்னேதான் மாத்தல. ஏழு வருஷமா முக்கோணப் பொட்டலம் இதுல இருந்துதான் போகுது. ஒரு பிள்ளை வரலன்னு சொன்னதில்ல. எல்லாம் வெண்புகை, காரநெடி, அம்மோனியம் உறுதி. ஏழு வருஷமும் சென்டம். பிள்ளைங்களை நான் எப்படி வளத்திருக்கேன்னு தெரியணும்னா அந்த போர்டைப் பாக்க வேண்டாம், இந்த பாட்டிலைப் பாருங்க.

என்னத்துக்கு ஸ்பிரிட் லாம்பை எடுக்கீங்க? செய்து பாக்கப் போறீங்களா? செய்யுங்க, செய்யுங்க. சோடியம் ஹைட்ராக்சைடு ரெண்டாவது தட்டுல இருக்கு. எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. நல்லாச் சூடு பண்ணுங்க. கண்ணாடித் தண்டா? அந்தா இருக்கு. பைய, பைய.

எனக்கு இங்க உக்காந்திருக்கும்போதே வருது டீச்சர். நிசமாத்தான். இப்பல்லாம் இந்த மூடியைத் திறந்தாலே எனக்கு வந்துருது. கண்ணெல்லாம் கலங்குது பாருங்க.

உங்களுக்கு வருதா?

ஏன் தண்டையே பாத்துக்கிட்டு நிக்கீங்க? உங்களுக்குப் பிரபேஷன் முடிய இன்னும் ஒரு வருஷம் கிடக்குல்லா? ஹெச்.எம். எதுவானாலும் எங்கிட்டக் கேட்டுத்தான் எழுதுவாங்க, ரிட்டயர் ஆனாலும் கேப்பாங்க. வீடு இங்கதான, ரெண்டு தெரு தள்ளி. சும்மா சொன்னேன். நல்லா இழுத்து மோந்து பாருங்க.

வருதா?

என்னது? காதுல விழல. தவசிமுத்து அண்ணனும் அங்க வாசல்ல நிக்காரு, அவருக்கும் கேக்கட்டும், சத்தமாச் சொல்லுங்க.

ம். அவ்வளவுதான். இந்தாங்க பேனா.